வயிற்றுக்குள் ஒரு செக்போஸ்ட்

என் மகளுக்குக் காய்ச்சல் இறங்கிய அன்று வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் பயம் கூடிவிட்டது. நான் அப்படிப் பிறந்தவள். பஸ் வரத் தாமதமானால் எங்கேயோ கவிழ்ந்துவிட்டது என்பேன். முன்னதாக வந்துவிட்டால், இது நம் பஸ்தானா என்று ஏறத் தயங்குவேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் தெரிந்துகொண்டதெல்லாம் பயத்தினால் தெரிந்துகொண்டதுதான். எதைக் கண்டு பயமோ, அதைப் பற்றி ஆள் மாற்றி ஆள் கேட்டுக்கொண்டே இருப்பேன். கேட்கக் கேட்கப் பயம் குறையாது. ஆனால் கேட்காமலும் இருக்க முடியாது.

எண்பதுகளின் நடுவில் ஒரு குற்றால சீசன். தென்காசியில் எங்கள் தெருவில் துணி காயவே இல்லை. கொடியில் போட்ட பாவாடை மூன்றாம் நாளும் பிழிந்தால் சொட்டும். என் வீட்டுக்காரர் அருவிக்குப் போகிற வழியில் பழக்கடை போட்டிருந்தார். மங்குஸ்தான், ரம்புட்டான், மலைவாழை. செங்கோட்டை வழியாக மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவிலிருந்து அன்னாசியும் பலாவும் வரும். சீசன் ஓடுகிற ரெண்டு மாதம்தான் எங்களுக்கு வருஷம். அந்த நேரம் பார்த்து, ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த மகளுக்குக் காய்ச்சல் வந்தது. டாக்டர் நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், டைபாய்டு என்றார். குளோராம்பெனிகால் என்று வாயில் நுழையாத ஒரு மருந்து; கூடு போட்ட மாத்திரை.

“காய்ச்சல் நாலஞ்சு நாள்ல விட்டுரும். விட்டாலும் மாத்திரையை விடக்கூடாதும்மா. ரெண்டு வாரம் முழுசாக் குடுக்கணும்” என்றார்.

அவர் சொன்ன மாதிரியே விட்டது. விட்ட அன்றைக்கே இலஞ்சியிலிருந்து மைனி வந்துவிட்டார். மைனி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. பாசமான மனுஷி. அவர் சொன்னதற்கு மறுபேச்சு எங்கள் வீட்டில் கிடையாது.

பிள்ளையின் நெற்றியிலும் கழுத்திலும் கையை வைத்துப் பார்த்தார். “மேலு நல்லாக் குளுந்து கெடக்கு. இன்னும் என்னத்துக்குளா இந்த எளவு மாத்திரையை அமுக்குத? சூட்டுல வயிறு வெந்துரும். நாளைக்குச் செவ்வாக்கெழம. தலைக்குத் தண்ணி விட்டுருவோம்.”

“டாக்டர் ரெண்டு வாரம்னு சொன்னாரே மைனி.”

“அவரு சொல்லுவாரு. வெந்து போகுத வயிறு அவரு பிள்ளை வயிறா?”

காய்ச்சல் விட்டதும் தலைக்குத் தண்ணீர் விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதை வெறும் குளியல் என்று நினைத்துவிடக் கூடாது. தலைக்குத் தண்ணீர் விட்டால் நோய் வாசல்படி தாண்டிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு மாத்திரை தின்றால், போனதைத் திரும்பிக் கூப்பிடுவது மாதிரி. அதனால் எத்தனை மாத்திரை பாக்கி இருந்தாலும் தண்ணீர் விட்ட அன்றோடு சரி. நான் வேண்டாம் வேண்டாம் என்று அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே சொன்னேன். நான் எதற்குத்தான் வேண்டாம் என்று சொல்லாதவள்? அதனால் யாரும் காதில் வாங்கவில்லை. வீட்டுக்காரர் அருவித் தண்ணீரே ஒரு குடம் கொண்டுவந்தார். மூலிகைத் தண்ணீராம். அதை வெந்நீரில் கலந்து மைனியே ஊற்றினார். மீந்த மாத்திரையைக் காகிதத்தில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், பிள்ளை பாயில் சுருண்டு படுத்துக்கொண்டு குளிருகிறது என்றாள். தொட்டுப் பார்த்தேன். தோசைக்கல்.

டாக்டரிடம் ஓடினோம். “மாத்திரை முடிச்சாச்சா?” என்று கேட்டார்.

“மிச்சம் மைனிகிட்ட இருக்கு.”

“ஏன், அவங்களுக்கும் காய்ச்சலா?”

“இல்ல டாக்டர். கோழிக்குன்னு எடுத்துட்டுப் போனாங்க.”

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பிறகு நிதானமாகச் சொன்னார். “பாதியில நிறுத்துனதால பழைய கிருமியே திரும்ப எழும்பியிருக்கலாம். இல்லேன்னா, மருந்துக்கு மசியாத கிருமியாவும் இருக்கலாம். சில ஊர்ல இப்ப அப்படி வருதுன்னு கேள்விப்படுதோம். ரத்தம் எடுத்துப் பாளையங்கோட்டைக்கு அனுப்புவோம். அங்கன கிருமியை வளத்து, எந்த மருந்துக்கு மசியுதுன்னு பாத்துச் சொல்லுவாங்க. அதுவரைக்கும் இதே மாத்திரையைக் குடுங்க.”

“மசியலேன்னா?”

“வேற மருந்து இருக்கு. ஆனா அதுக்குள்ள குடல்ல ஓட்டை விழுந்திரக்கூடாது. வயித்துவலி திடீர்னு கூடினா ஒரு நிமிஷம் நிக்காம கூட்டிட்டு வாங்க.”

அந்த ஒரு சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. மசியுமா, மசியாதா. மறுநாள் பருப்பு வேகவைத்தேன். எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கு அது எப்போதும் லேசில் மசியாது. மத்தை வைத்துக் கடைந்து பார்த்தேன். பருப்பு பருப்பாகவே நின்றது. சட்டியின் முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

ரத்தத்தை ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்தார்கள். உள்ளே ஏற்கெனவே சூப்பு மாதிரி மஞ்சளாக ஏதோ இருந்தது. கிருமி வளருவதற்கான சாப்பாடு அதுவாம். கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு வீட்டுக்காரர் பாளையங்கோட்டைக்குப் புறப்பட்டார். நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே போனேன்.

“மடியில வச்சுக்கிடுங்க. கீழ வச்சுராதீங்க. வெயில் படாமப் பாத்துக்கிடுங்க. குலுங்கக் கூடாது.”

“ஏளா, இது பஸ்ஸு. பல்லக்கு இல்ல.”

“பக்கத்துல பலாப்பழம் கிலாப்பழம் வச்சிருக்கவன் உக்காந்தா பாட்டில்ல இடிச்சுரும், எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போயிருங்க.”

“நானே பழக்காரன்தானளா” என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார் என்று தெரியும். ஆனால் உட்கார்ந்ததும் பாட்டிலை மடியில் வைத்து ரெண்டு கையாலும் மூடிக்கொண்டதை நான் பார்த்தேன்.

முடிவு வர நாளாகும் என்று சொல்லிவிட்டார்கள். கிருமி வளர வேண்டுமே. பிள்ளைக்கு அரிசிக் கஞ்சியும் ரஸ்க்குமாகக் கொடுத்துக்கொண்டு, மாத்திரை நேரம் தவறாமல் கொடுத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் இது உள்ளே போய் வேலை செய்கிறதா, சும்மா கரைந்து போகிறதா என்று நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

எங்கள் மச்சில் ஒரு டீச்சர் குடியிருந்தாள். செங்கோட்டைப் பெண், என்னைவிடச் சின்னவள். கல்லூரியில் பாடம் நடத்தினாள். அதற்கு முன்னால் மதுரையில் கிருமிகளை வைத்து ஆராய்ச்சி செய்தவள் என்று குடிவந்த அன்றே சொல்லியிருந்தாள். அப்போது ஒரு வாரம் அவள் தந்த காபியை நான் குடிக்கவில்லை. இப்போது அவளைத்தான் பிடித்துக்கொண்டேன். காலையில் தண்ணீர் எடுக்க இறங்கி வந்தவளைக் குடத்தோடு நிறுத்தினேன்.

“டீச்சர், மருந்துக்கு மசியாம இருக்கதுக்கு அந்தக் கிருமிக்கு யாரு சொல்லிக் குடுக்கா?”

“பக்கத்து வீட்டுக் கிருமிதான் அக்கா” என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவள் சொன்னதை எனக்குப் பிடிபட்ட மாதிரி இங்கே எழுதுகிறேன். நம் குடலில் எண்ண முடியாத அளவு கிருமிகள் குடியிருக்கின்றன. பெரும்பாலும் சாதுவானவை. அடிக்கடி மருந்து பட்டுக்கொண்டே இருந்தால், மருந்துக்குத் தப்பிக்கிற வித்தை தெரிந்தவை மட்டும் பிழைத்துப் பெருகும். அந்த வித்தை கிருமிக்குள் இருக்கிற நூலிழை மாதிரி ஒன்றில் எழுதியிருக்கும். டி.என்.ஏ என்று அதற்குப் பெயர். கிருமியின் பெரிய நூல் தவிர, சின்ன வளையம் மாதிரித் தனி நூல்களும் உண்டு. வித்தை பெரும்பாலும் அந்த வளையத்தில் இருக்கும். ஒரு கிருமி இன்னொரு கிருமியை ஒட்டி நின்று, அந்த வளையத்தை நகலெடுத்துக் கொடுத்துவிடும். கொடுத்ததும் தன்னிடம் இருப்பது குறையாது.

“சாதுக் கிருமி டைபாய்டு கிருமிக்கும் குடுக்குமா?”

“குடுக்கலாம் அக்கா. ரெண்டும் தூரத்துச் சொந்தம்தான்.”

என் முகத்தைப் பார்த்து அவளுக்கே பயமாகியிருக்க வேண்டும். அவசரமாகச் சொன்னாள். “குடுத்தா மட்டும் போதுமா? வாங்குத கிருமி சும்மா உள்ள விட்டுராதுக்கா. ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு காவல் இருக்கு. கத்திரி மாதிரி. வெளிநூல் உள்ள வந்தா, அதுல குறிப்பிட்ட சில எழுத்து வரிசையாச் சேந்து வருத இடத்தைத் தேடிப் பிடிச்சு நறுக்கிப் போட்டுரும்.”

“அப்போ தன்னோட நூலையும் நறுக்கிராதா?”

“தன் நூல்ல அந்த எழுத்துங்க மேல அடையாளம் வச்சிருக்கும். அடையாளம் இருந்தாக் கத்திரி தொடாது.”

“வெளுக்குத அம்மா நம்ம துணியில போடுத குறி மாதிரியா?”

“அதேதான்!” என்று சந்தோஷப்பட்டாள். எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. எங்கள் வீட்டுத் துணிக்கு ரெண்டு புள்ளியும் ஒரு கோடும். குறி இல்லாத துணி நம் மூட்டையில் வந்தால் இது நம்முடையது இல்லை என்று உடனே தெரிந்துவிடும். பிள்ளையின் வயிற்றில் இருக்கிற டைபாய்டு கிருமியும் அப்படி விழிப்பாக இருக்க வேண்டும், வருகிற நூலையெல்லாம் வெட்டித் தள்ள வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பிள்ளையைப் படுக்கையில் போட்ட கிருமிக்காக வேண்டிக்கொண்ட தாய் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த மூச்சைக் கெடுத்தது என் வீட்டுக்காரர்தான். கடைக்குப் போகக் கிளம்பியவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

“அப்ப வயித்துக்குள்ள ஒரு செக்போஸ்ட் இருக்குன்னு சொல்லுங்க டீச்சர். ஆனா பழக்கூடைக்கு அடியில அரிசியைப் பரப்பி வச்சா எந்தச் செக்போஸ்ட்டுக்குத் தெரியுது? அரிசிக்குத் தடை இருந்த அந்தக் காலத்துல எத்தனை மூட்டை அப்படிக் கேரளாவுக்கு மலையேறிருக்கு!”

டீச்சர் சிரித்தாள். “அண்ணாச்சி சொல்லுதது சரிதான். சில வளையத்துல அந்தக் கத்திரி தேடுத எழுத்தே இருக்காது. தடவிப் பாத்துட்டு விட்டுரும். இன்னும் சிலது, காவலோட கையைக் கட்டிப் போடுத சாமானையும் கூடவே கொண்டு வரும்.”

“பாத்தியா? கிருமியிலயும் நம்மாளு இருக்கான்” என்று அவர் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “டீச்சர், ஒரு தடவை தப்பி உள்ள வந்துட்டா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. தப்பி வந்த நூலுக்கும் அந்த வீட்டு அடையாளம் விழுந்துவிடுமாம். பிறகு அது வீட்டு நூல்தான். அந்தக் கிருமியின் பிள்ளைகள், பேரன்கள், அதே குறி போடுகிற பங்காளிகள் எல்லாரிடமும் அது தாராளமாகப் போகலாம். எந்தக் கத்திரியும் தொடாது. நுழையும்வரைக்கும்தான் காவல். அன்று மத்தியானம் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் படுத்தபோது, டாக்டர் சொன்ன ஓட்டையும் டீச்சர் சொன்ன வளையமும் சேர்ந்து என்னைப் போட்டு ஆட்டின. பிள்ளை பசிக்கிறது என்று சொன்ன பிறகுதான் எனக்குக் கால் தரையில் பட்டது.

அந்த வாரத்தில்தான் மைனி மறுபடி வந்தார், கையில் ஒரு கோழியோடு. பிள்ளை தேறியதும் சூப்பு வைத்துக் கொடுக்க வேண்டுமாம். கோழியின் காலைத் தூணில் கட்டிவிட்டுப் பெருமையாகச் சொன்னார். “வெள்ளைக் கழிச்சல்ல போகக் கெடந்த சவம். அந்த மாத்திரைப் பொடியைத் தவிட்டுல பெசஞ்சு வச்சேன். எந்திரிச்சுட்டு. மிச்சம் என் காலு புண்ணுக்குத் தூவிக்கிட்டேன். இன்னும் நாலு கெடக்கு.” இடுப்பிலிருந்து காகித மடிப்பை எடுத்துக் காட்டினார்.

டீச்சர் மச்சுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மைனியின் மனம் நோகக் கூடாது என்று அவள் என்னைப் பார்த்துத்தான் பேசினாள். மதுரையில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் வேண்டுமென்றே காவல் கெட்டுப்போன கிருமியைத்தான் வளர்ப்பார்களாம். அதற்குள்தான் வெளிநூலைச் சுலபமாக நுழைக்க முடியும். “அதை வச்சு நான் ஒண்ணு நெனைக்கேன் அக்கா. என் ஊகம்தான். காவல் பலமா இருக்க கிருமி வித்தையை உள்ள விடாது. மருந்து பட்டாச் செத்துரும். காவல் தூங்குத கிருமிக்குத்தான் வித்தை சீக்கிரம் கெடைக்கும். அப்ப நாம எங்க பாத்தாலும் மருந்தைத் தூவிக்கிட்டே இருந்தா, கடைசியில எது மிஞ்சும்?”

பல வருஷம் கழித்து அவளே எனக்குப் போனில் சொன்னாள். பழைய எதிரியின் நூலில் ஒரு துண்டை ஞாபகமாக வைத்துக்கொண்டு, அது திரும்ப வந்தால் வெட்டுகிற இன்னொரு வகைக் காவலும் கிருமிகளுக்கு உண்டு என்று பிற்பாடு கண்டுபிடித்தார்களாம். குடல் கிருமிகளில் ஒரு வகையில், அந்தக் காவலைத் தொலைத்தவற்றிடம்தான் மருந்தை ஜெயிக்கிற வித்தைகள் அதிகம் சேர்ந்திருந்ததாம். எல்லாக் கிருமியிலும் கணக்கு இப்படி நேராக வராது என்றும் சொன்னாள். அன்றைக்கு எங்கள் வாசலில் அது வெறும் ஊகம். ஆனால் என்னை மாதிரி ஒருத்திக்கு ஊகமே போதும்.

நான் எழுந்து போய் மைனியின் கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்கினேன். பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

“இனிமே கோழிக்கும் வேண்டாம், புண்ணுக்கும் வேண்டாம் மைனி. மருந்து கண்ட எடத்துல விழுந்தாக் கிருமி அதைப் பாத்துப் படிச்சுக்கிடுதாம்.”

மைனிக்கு முகம் சிவந்துவிட்டது. “ஓகோ! எங்கூட்டுக் கோழிகிட்ட வந்து ஒங்கூட்டுக் கிருமி பாடம் படிச்சிட்டுப் போகுதாக்கும்? இலஞ்சிக்கு பஸ் ஏறி வருதோ?”

“கோழி கழியுத வாய்க்கால்லதான நம்ம கால் படுது. கால்ல ஒட்டிக்கிட்டு நம்மளோடயே பஸ் ஏறும். கிட்டத்தட்ட நீங்க சொல்லுத மாதிரிதான்” என்றாள் டீச்சர், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

“படிச்ச மூதிக ரெண்டு பேரும் சேந்துட்டிய” என்றார் மைனி. ஏழாம் வகுப்பு படித்த என்னையும் அதில் சேர்த்துவிட்டார். பிறகு பிள்ளை படுத்திருந்த அறையை எட்டிப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. “நான் தலைக்கு ஊத்துனதாலதான் திரும்ப வந்துட்டுன்னு நெனைக்கியா?”

“தண்ணியால இல்ல மைனி. மாத்திரையை நிறுத்துனதால இருக்கலாம். இல்லேன்னா கிருமியே மசியாததா இருக்கலாம். தெரியலயே. அதான பயமா இருக்கு.”

மைனி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அன்று இலஞ்சிக்குத் திரும்பவில்லை. மாத்திரை நேரத்துக்கு என்னைவிட முன்னால் எழுந்து தம்ளரில் தண்ணீர் எடுத்து வந்தார்.

காய்ச்சல் அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க ஆரம்பித்திருந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. முதல் தடவையும் இறங்கத்தானே செய்தது? வீட்டுக்காரர் பாளையங்கோட்டைக்கு மறுபடி போய் முடிவை வாங்கிக்கொண்டு நேராக டாக்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் அங்கே பெஞ்சில் காத்திருந்தேன். டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“டைபாய்டுதான். ஆனா மசியுதும்மா. நல்லா மசியுது.”

“இந்த மாத்திரைக்கா?”

“இந்த மாத்திரைக்குத்தான்.”

“வேற யாரு ரத்தத்தையும் மாத்திப் பாத்திருக்க மாட்டாங்களே?”

“உங்க வீட்டம்மாவைக் கூட்டிட்டுப் போங்க” என்றார் டாக்டர் என் வீட்டுக்காரரிடம். போகும்போது கூப்பிட்டு, “இந்தத் தடவை மசிஞ்சிருக்கு. எப்பவும் மசியும்னு நெனைச்சிராதீங்க” என்றும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். அடுத்த தடவை மசியாவிட்டால் என்று நான் ஏற்கெனவே நினைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மச்சுப்படி ஏறி டீச்சரிடம் சொன்னேன். “காவல் தூங்கல டீச்சர். வந்த நூலையெல்லாம் வெட்டிப் போட்டுட்டு.”

அவளுக்குப் பொய் சொல்ல வராது. “அப்படிச் சொல்ல முடியாதுக்கா. வந்து வெட்டுப்பட்டிருக்கலாம். நூலே வராமயும் இருந்திருக்கலாம். நமக்குத் தெரிஞ்சது மருந்து கேக்குதுங்கது மட்டும்தான்.”

“ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?” என்று கோபித்துக்கொண்டேன். அவள் சிரித்துக்கொண்டே என் கையில் காபியைக் கொடுத்தாள்.

கடைசி மாத்திரை முடிகிறவரைக்கும் டாக்டர் சொன்ன கணக்கில் ஒன்றுகூடக் குறையவில்லை. மைனி நடுவில் ஒரு நாள் பிள்ளையின் தலைக்குத் தண்ணீர் விட எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தார், என்னைப் பார்த்தார், வைத்துவிட்டார். பிள்ளைக்குப் பசி எடுத்தது. எழுந்து நடமாடினாள். சீசன் இன்னும் முடியவில்லை, அருவிக்குப் போக வேண்டும், அப்பா கடையில் உட்கார்ந்து ரம்புட்டான் உரித்துத் தின்ன வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். மருந்து நின்ற மறுநாளிலிருந்து என் வேலை தொடங்கியது. சமைக்கும்போது, கூட்டும்போது, அவள் பாடம் எழுதும்போது, போகிற போக்கில் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். குளிர்ச்சியாகத்தான் இருக்கும். ஒருவேளை என் கைதான் சூடாக இருக்கிறதோ என்று தண்ணீரில் கையை நனைத்துவிட்டு வந்து மறுபடி வைப்பேன்.

ஒரு நாள் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே என் கையைத் தட்டிவிட்டாள்.

“சும்மா சும்மாத் தொட்டுப் பாக்காதம்மா. நீ தொட்டுத் தொட்டே எனக்குச் சூடாகுது.”

நான் கையை இழுத்துக்கொண்டேன். அவள் எழுதி முடிக்கும்வரை பொறுத்திருந்து, அதற்குப் பிறகுதான் தொட்டேன்.